சோபாக்காரரின் வெள்ளை பேக்கா

ஃபிஜி தீவுகள் முழுவதிலும் வௌவாலோடு தமிழ் பேசிய ஒரே மனிதர் எங்கள் லாமி ஊர் சோபாக்காரராகத்தான் இருப்பார். வேறு யாராவது உண்டென்றால் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

சோபாவுக்கும் பஸ் சீட்டுக்கும் உறை தைப்பது அவர் தொழில். பெயரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ராணுவம் ஆட்சியைப் பிடித்த அந்த வருஷம் பாதித் தெரு ஆஸ்திரேலியா, கனடா என்று மூட்டை கட்டியது. ஊரைவிட்டுப் போகிறவன் எவன் சோபாவுக்குப் புது உறை போடுவான்? தொழில் படுத்துவிட்டது. சும்மா இருக்கத் தெரியாத மனிதர், அடிபட்ட வௌவால்களைப் பிடித்துக்கொண்டார்.

மாமரத்துக்கு வருகிற பெரிய பழந்தின்னி வௌவால்கள். இங்கே அதற்குப் பேக்கா என்று பெயர். முள்கம்பியில் இறக்கை கிழிந்தது, நாய் கவ்விப் போட்டது என்று எது கிடைத்தாலும் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவார். துணிக்கொடியில் மனைவியின் கவுனுக்கும் அவருடைய பேண்ட்டுக்கும் நடுவே நாலைந்து பேக்காக்கள் தொங்கும். பப்பாளியை மசித்து ஊட்டியபடி தமிழில் ஊர்க்கதை பேசுவார். வீட்டில் மற்ற எல்லோருக்கும் ஹிந்திதான்.

"பேக்காவுக்கு எதுக்குண்ணே தமிழ்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஊட்ல பேசுனா எழுந்து போயிடறாங்க தம்பி. இது தலைகீழா தொங்கிக்கினாவது கேக்குதே."

அப்போதுதான் அந்த வெள்ளை வந்து சேர்ந்தது. மற்றதெல்லாம் கருப்பும் பழுப்புமாக இருக்க, இது தேங்காய்ப்பால் நிறம். மூஞ்சி மட்டும் கருப்பு. ஓர் இறக்கை ஒடிந்திருந்தது. மாரியம்மனே வந்துவிட்டாள் என்று கோயில் பெண்கள் கற்பூரத் தட்டோடு வந்தார்கள். சோபாக்காரர் வாசலை மறித்து நின்றார்.

"அம்மனுமில்ல, ஒண்ணுமில்ல. எலும்பு ஒடிஞ்சிருக்குது. பொகை ஆவாது, போங்கம்மா."

கற்பூரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, தட்டில் இருந்த வாழைப்பழத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஐஸ்கிரீம் குச்சியை வைத்து, சீட்டுக்குப் போடும் ஃபோமைச் சுற்றி, உறைத்துணியால் கட்டுப்போட்டார். எலும்பு சேர்ந்தது. அதற்குள் குடும்பத்துக்கு ஆஸ்திரேலிய விசா வந்துவிட்டது. சனிக்கிழமை விமானம். அதற்கு முன் வெள்ளை பறந்தாக வேண்டும். பறக்காததை விட்டுப்போனால் நாய்க்கோ அடுப்புக்கோ போய்விடும். பேக்காக் கறி இங்கே பலருக்குப் பிரியம். சிக்கல் என்னவென்றால், பேக்கா பொழுது சாயாமல் பறக்காது. பொழுது சாய்ந்தால் ஊரடங்கு.

"எழுது தம்பி," என்றார். நான் தலைநகர் சுவாவில் குமாஸ்தா. வெள்ளை பேக்கா ஒன்று பறந்து பழக வேண்டியிருப்பதால், தினமும் ஒரு மணி நேரம் முற்றத்தில் நிற்க அனுமதி வேண்டும் என்று ஆங்கிலத்தில் மனு எழுதினேன். தெருமுனை ராணுவச் சாவடியில் இருந்த சார்ஜன்ட், பூர்வகுடி ஃபிஜிக்காரர், அதை இரண்டு தரம் படித்தார்.

"பேக்காவுக்குப் பாஸ் வேணாம் அங்கிள்," என்றார் ஹிந்தியில். "உங்க ரெண்டு பேருக்குத்தான் வேணும். வெள்ளையா? நெசமாவா?"

திங்கட்கிழமை சாயங்காலம் பாஸோடும் துப்பாக்கியோடும் அவரே பார்க்க வந்துவிட்டார். கொடிக்கு அடியில், விற்காமல் கிடந்த ஒரு சோபாவைப் போட்டிருந்தோம். பேக்கா கொடியிலிருந்து குதித்து நேரே சோபாவில் விழுந்தது. செவ்வாயும் விழுந்தது. புதன்கிழமை சார்ஜன்ட் தன் கையால் பப்பாளி கொண்டுவந்து கொடுத்தார். தின்றுவிட்டு விழுந்தது. வியாழக்கிழமையும் அதே கதைதான்.

வெள்ளிக்கிழமை. வீட்டில் பெட்டிகள் கட்டியாகிவிட்டன. சோபாக்காரர் கொடிக்கு அடியில் நின்று அண்ணாந்தார்.

"இத பாரு கண்ணு. நாளைக்கு நான் இருக்க மாட்டேன். இந்த வயசுல நானே தெரியாத ஊருக்குப் போறேன். நீ அந்த மாமரம் வரைக்கும் போவக் கூடாதா?"

அங்கிள் என்ன சொல்கிறார் என்று சார்ஜன்ட் என்னைக் கேட்டார். நான் மாமரத்தைக் கை காட்டினேன்.

பேக்கா குதித்தது. சோபாவுக்கு ஒரு சாண் மேலே இறக்கை விரிந்தது. மாமரத்தைத் தாண்டிக் கடல் பக்கம் போய்விட்டது. சோபாக்காரர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஊட்ல இது ஒண்ணுதான் இங்கியே இருக்கப் போவுது," என்றார்.

மறுநாள் அவர் போய்விட்டார். அந்த மனிதர் இல்லாத முற்றத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் சாயங்காலம் போய் சோபாவில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சார்ஜன்ட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.