தொடக்கூடாத கத்திகள்

கருவாட்டு வாசனை கத்தியிலிருந்துதான் வருகிறதா என்று ஐயாவு மறுபடியும் முகர்ந்து பார்த்தார். சந்தேகமே இல்லை. அதுவும் எந்தக் கத்தி? எருமைக் கொம்பில் பிடி போட்டு, பித்தளைப் பூண் கட்டி, அரநாயக்க வீதியில் பட்டறை வைத்திருக்கும் கொல்லர் சோமபால பாஸிடம் சொல்லிச் செய்வித்த கத்தி.

"கலா, இதாலயா கருவாடு வெட்டுன?"

"ஆமாங்க. நல்லா வெட்டுது."

"நா என்னா கேக்குறேன், நீ என்னா சொல்ற?"

"நம்ம வீட்டுக் கத்திக்கு மூக்கு ஒடஞ்சி எவ்வளவு காலம். பிடியில சைக்கிள் டியூபச் சுத்தி வச்சிருக்கேன். அதால கருவாட்ட அடிக்கலாம், வெட்ட ஏலாது. உங்க கத்தி ஏழும் சும்மாதானே கெடக்குது. ஒன்னக் குடுங்களேன்."

சும்மா கிடக்கிறதாம். இறப்பர் தோட்டத்து ஸ்டோர் கிளாக்கரான ஐயாவுக்கு, அந்தச் சொல் கருவாட்டை விடக் கூடுதலாக நாறியது. போர் நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. பையில் கத்தியோடு ஒரு தமிழன் பஸ்ஸில் ஏறினாலும் யாரும் இறக்கி விசாரிக்காத காலம். அந்த அபூர்வ வசதியைப் பயன்படுத்தி அவர் ஒவ்வொன்றாகச் செய்வித்துச் சேர்த்த கத்திகள் அவை. ஒன்று மீனின் வளைவில், ஒன்று வாழைமடலின் நீளத்தில், ஒன்று வெற்றிலையின் அகலத்தில்.

ஒவ்வொரு முறையும் பாஸ், "மேகென் மொனவத கபன்னே, மாத்தயா?" என்று கேட்பார். இதால் எதை வெட்டப் போகிறீர்கள் என்பது கேள்வி. எதையும் வெட்ட அல்ல, பார்ப்பதற்கு என்று ஐயாவு சிங்களத்தில் விளக்குவார். பாஸ் முகத்தை உலைப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

கத்திகள் மேசையில் படுத்துக் கிடப்பதால்தான் வீட்டாருக்கு மரியாதை தெரியவில்லை என்று ஐயாவு முடிவு செய்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டாண்ட் செய்து நிமிர்த்தி வைத்துவிட்டால், எந்தக் கருவாடு கிட்ட வரும்?

இறப்பர் மரம் எளிதில் உளுத்துவிடும் என்பதால் அதைத் தொடவில்லை. இறப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்திலிருந்து கழற்றிப் போட்ட பலாமரக் கதவுநிலை ஒன்றைத் தோட்டத்துத் துரையிடம் கேட்டு வாங்கினார். கத்திகளைக் காகிதத்தில் வைத்து வரைந்தார். முதுகு எங்கே அமரும், பிடி எங்கே சாயும் என்று அளந்து உளியால் பள்ளம் எடுத்தார். ஆணி கிடையாது, எல்லாம் மர முளை. அலகில் கீறல் விழாமலிருக்கப் பள்ளத்தில் வெல்வெட் துணி ஒட்டினார். அது பழைய துணியன்று, மனைவி விஜயகலா தைக்கக் கொடுக்க வைத்திருந்த ரவிக்கைத் துணி என்பது ஒட்டிக் காய்ந்த பிறகுதான் தெரியவந்தது.

விஜயகலா சண்டை பிடிக்கவில்லை. ஐயாவு எச்சரிக்கையடைந்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

"பலாமரம் தங்கம் மாதிரி மின்னுதுங்க," என்றாள் ஒரு மாலை, தேத்தண்ணீரை நீட்டியபடி. "இத வீட்டுக்குள்ள வச்சா யாரு பாக்குறது? கோயில்ல சரஸ்வதி பூசைக்கு வைங்களேன். ஆயுதந்தானே. தோட்டமே பாக்கும். துரையும் வருவாரு."

தன் மனைவிக்கும் ரசனை உண்டு என்பதை ஐயாவு அன்று முதன்முதலாக உணர்ந்தார்.

அவர் தோட்டத்துக் கோயில் கமிட்டியின் தலைவர். அந்தப் பதவியில் அவர் விட்டுக்கொடுக்காத சட்டம் ஒன்று இருந்தது. பூசையில் வைத்த ஆயுதம், மறுநாள் விஜயதசமியன்று தன் வேலையைத் தொடங்கியே ஆக வேண்டும்; அதன்பின் சும்மா கிடக்கவும் கூடாது. சென்ற வருட விஜயதசமி அடைமழையில் விடிந்தது. மழையில் மரத்தில் பால் வெட்டுவதில்லை. பால் பட்டையில் பரவி வீணாகிவிடும். இருந்தும், "ஒரு கோடாவது இழுத்துட்டு வா" என்று பால்வெட்டும் சின்னம்மாவைக் கோயில் மைக்கில் பெயர் சொல்லி மழைக்குள் அனுப்பியவர் அவர்.

பூசையன்று விஜயகலா வீட்டுக் கத்தியையும் கழுவித் துடைத்து எடுத்துவந்தாள்.

"இதையும் கொண்டு போவமா?"

"அந்தச் சனியனக் கொண்டு வராத. என் கத்திக்குப் பக்கத்துல அதுவா? மானம் போயிரும்."

"நீங்க சொன்னா சரிங்க," என்று அதைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள்.

பால்வெட்டுக் கத்திகள் வாழையிலையில் வரிசையாகக் கிடக்க, ஐயாவின் ஏழும் சந்தனப் பொட்டோடு தாங்கிகளில் நிமிர்ந்து நின்றன. துரை குனிந்து பார்த்து "வெரி நைஸ்" என்றார். அன்றிரவு ஐயாவு சிரித்துக்கொண்டே தூங்கினார்.

காலையில் முற்றத்தில் பேச்சுக்குரல் கேட்டுக் கதவைத் திறந்தார். கோயில் அன்னதானத்துக்கான பூசணிக்காய்கள் குவிந்திருந்தன. சின்னம்மாவும் இன்னும் சில பெண்களும் பாய் விரித்து அமர்ந்திருந்தார்கள். கோயிலில் பூசைக்கு வைத்த ஏழு கத்திகளும் அவர்கள் கையில் இருந்தன.

"யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"நீங்க சொன்னதுதானே கிளாக்கரய்யா," என்றாள் சின்னம்மா. "பூசையில வச்ச ஆயுதம் இன்னைக்கி வேல தொடங்கணும்னு."

"அது வேல செய்ற கத்திக்கு. இது பாக்குற கத்தி."

"சாமிக்கு முன்னால வைக்கிறப்ப அப்பிடிச் சொல்லலிங்களே. போன வருசம் நானும், மழையா இருக்கு, கத்தி பாத்துக்கிட்டு இருக்கட்டும்னுதான் கேட்டேன். நீங்க மைக்குல கத்துனீங்க."

பெண்கள் தலை குனிந்து பூசணிக்காயைத் தீவிரமாகக் கவனித்தார்கள். வாசலில் நின்ற விஜயகலா மட்டும் கவலையோடு கேட்டாள்.

"வாங்கி வச்சிருவமாங்க? தலைவர் வீட்டுக்கு மட்டும் வேற சட்டம்னு தோட்டத்துல பேசுவாங்க. பேசுனாப் பேசட்டும்."

எருமைக் கொம்புக் கத்தி பூசணிக்காய்க்குள் பிடிவரை இறங்கியது.

"நல்லா வெட்டுதுங்க," என்றாள் சின்னம்மா.

அன்னதானம் முடிந்து மாலையில் வீடு வந்தபோது, ஏழு கத்திகளும் அடுப்படிச் சுவரில் கொக்கி போட்டுத் தொங்கின. வேலை தொடங்கிய ஆயுதம் சும்மா கிடக்கக் கூடாதல்லவா? அந்தச் சட்டமும் அவருடையதுதான். தம் தாங்கிகளையாவது பார்த்து ஆறுதலடையலாம் என்று முன்னறைக்குப் போனார்.

நடுத் தாங்கியில், ரவிக்கை வெல்வெட்டின் மேல், மூக்கொடிந்த வீட்டுக் கத்தி சைக்கிள் டியூப் பிடியோடு சாய்ந்திருந்தது. ஐயாவு ஆத்திரத்தோடு கையை நீட்டினார்.

"தொடாதீங்க," என்றாள் விஜயகலா அடுப்படியிலிருந்து. "பூசைக்குக் கொண்டு வராதன்னு நீங்கதானே சொன்னீங்க. இந்த வீட்டுலயே சும்மா இருக்கக்கூடிய கத்தி அது ஒன்னுதாங்க."