மேல் வரியில் தம்பி

மூன்றாவது முறையாகக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். மெனு வரவில்லை. நேராகத் தம்பியின் பக்கம் திறந்து பாஸ்வேர்டு கேட்டது.

"தம்பியை மேல ஏத்துங்கன்னுதானே சொன்னேன்? உங்களை யாரு வெளியே தள்ளிக்கச் சொன்னா?" என்றாள் மனைவி.

"மெனு காத்திருக்கிற நேரத்தைக் கொஞ்சம் குறைச்சேன்."

"எவ்வளவு?"

"பூஜ்யமா."

சர்வேயர் அவர். ஊரார் மனைகளை அங்குலம் பிசகாமல் பிரித்துக் கொடுப்பவர். கல்லூரி நாட்களில் இந்தக் கம்ப்யூட்டரையும் அப்படித்தான் பிரித்தார்கள். வரைபடம் போட அண்ணனுக்கு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம். தம்பிக்கு, நண்பர்கள் இலவசமாகக் கொடுத்த இன்னொன்று. ஹார்டு டிஸ்க்கில் சரிபாதி. போட்டதும் மெனு வரும். மேல் வரியில் 'அண்ணன்', கீழே 'தம்பி'. பத்து நொடிக்குள் யாரும் விசையைத் தொடாவிட்டால் மேல் வரி தானாகத் திறந்துகொள்ளும்.

அந்தப் பத்து நொடிக்கு எத்தனை ஓட்டம்! வாயில் நுரையோடு தம்பி குளியலறையிலிருந்து பாய்ந்து வருவான். இவர் கீபோர்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்வார். அவன் இடுப்பில் கிச்சுகிச்சு மூட்டிப் பிடுங்குவான். ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்துதான் இருவரும் படித்து முடித்தார்கள்.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு காலை, மேல் வரியில் 'தம்பி' என்றிருந்தது.

"அப்பா போன மறுமாசமே எனக்கு மேல ஏறிட்டியா?" என்று கேட்டார். அப்புறம் என்னென்னவோ கேட்டார். சாயங்காலத்துக்குள் தம்பி துணிமணியோடு கிளம்பிவிட்டான். இவர் முதல் வேலையாகத் தன்னை மேலே ஏற்றிக்கொண்டார்.

இன்று ஐந்து மணிக்கு அவன் வருகிறான். அண்ணி கூப்பிட்டதற்காக மட்டும். மேல் வரியில் அவன் இருக்க வேண்டும். மன்னிப்பு என்ற சொல்லுக்கு இவர் நாக்கு புரளாது, கம்ப்யூட்டர் சொல்லட்டும்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"போட்டதும் நீலத் திரை ஒண்ணு வரும் சார். அதுல எதையும் தொடாதீங்க..."

"தொட்டுட்டேன்."

திரை கறுத்தது. மூலையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டியது.

"தலைவலி போய்த் திருகுவலி வந்தாச்சு," என்றாள் மனைவி.

நான்கு மணிக்கு மெக்கானிக் நேரிலேயே வந்தார். அரை மணி நேரத்தில் மெனு திரும்பியது. மேலே 'தம்பி', கீழே 'அண்ணன்', பத்து நொடி.

"உங்க பக்கமும் திறந்து பார்த்துட்டேன். இனிமே கையை வைக்காதீங்க சார்," என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி கண்ணில் முதலில் மெனுதான் பட வேண்டும் என்று அணைக்கப் போனார். 'அப்டேட் நடக்கிறது. அணைக்க வேண்டாம்' என்றது திரை. ஏழு சதவீதம்.

"இப்பவா?" என்று அதட்டினார்.

எட்டு சதவீதம்.

தொண்ணூற்றொன்பதில் அழைப்பு மணி அடித்தது.

தம்பிக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"வாடா."

"ம்."

"உள்ள வாங்க தம்பி. ரெண்டு பேரும் வாசலை அளக்கறீங்களா?" என்றாள் அண்ணி.

பழைய நாற்காலி. தம்பி பழக்கத்தில் பாதியில் உட்கார்ந்தான். மறு பாதியில் இவர். இருவருமே இப்போது இரண்டு மடங்கு. நாற்காலி முனகியது.

திரை ஒருமுறை இருண்டு, மெனு வந்தது. மேல் வரியில் 'அண்ணன்'.

பத்து. ஒன்பது.

தம்பி எழுந்துவிட்டான். "இன்னமும் நீதான் மேலயா?"

"சத்தியமா உன்னைத்தான்டா வச்சேன்! உன் அண்ணியைக் கேளு. நான் தொடவே இல்ல. அதுவா மாறிடுச்சு!"



"எட்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் இதையேதான் சொன்னேன், அண்ணே."