எளிதாகக் காணலாம்

"மேடம், பூஜ்யம் எந்த ஊர் நியாயம்?" என்று எழுந்து நின்றாள் தையல்காரி.

வகுப்பில் மற்றவர்களெல்லாம் இருபதைத் தாண்டாதவர்கள். அவளுக்கு நாற்பத்தாறு. மதியம் தையல் கடையைச் சாத்திவிட்டு பி.எஸ்ஸி. கணிதம் படிக்க வருகிறவள். கேள்வி இதுதான்: முடிவில்லாமல் நீளும் எண் வரிசை ஒன்று, இரண்டு எல்லைகளைத் தாண்டாமல் இருந்தால், போகப் போக ஒரே எண்ணை நெருங்கி அடங்கிவிடும் என்று நிரூபி. ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். நடுவில் ஒரு வரி, "இதை எளிதாகக் காணலாம்." அதன் கீழே சிவப்புக் கோடு. பத்துக்குப் பூஜ்யம்.

"எளிதாகக் காணலாம்னா யாரும்மா காணறது? நானா?" என்றார் மேடம்.

"பாடப் புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் அப்படித்தான் எழுதியிருக்கான். அவனை மட்டும் நீங்க ஒண்ணும் கேக்கலையே!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கடைசி பெஞ்சில், 'கொட்டாவி' என்று எல்லோரும் கூப்பிடும் பெண்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்ந்துகொண்டாள்.

அந்தப் பத்து மார்க் இல்லையென்றால் தையல்காரிக்கு இந்த வருடமே போச்சு. மேடமோ வேறு யாருமில்லை, அவள் வயிற்றில் பிறந்த மகள்! கல்லூரியில் அது யாருக்கும் தெரியாது. "மகளே வாத்தியார், அம்மா பாஸாகாம இருப்பாளா?" என்று நாத்தனார் ஒரு தடவை வாயை விட்டாள். அன்றிலிருந்து, இனாமாக அரை மார்க்கூட வேண்டாம் என்று தையல்காரி ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஒரே ஸ்கூட்டரில் கிளம்பினாலும் தெருமுனையிலேயே இறங்கி நடந்து வருவாள். இனாம்தான் வேண்டாம். உழைத்து எழுதிய மார்க்கை விடுவாளா?

சாயந்திரம் வீட்டில் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, அந்த ஒரு வரிக்காக மொத்தத்தையும் அடிச்சிட்டியே?"

"வீட்டுல பாடம் பேசக்கூடாதுன்னு சட்டம் போட்டது நீதானேம்மா? பசிக்குது. சாப்பாடு எங்க?"

"எளிதாகக் காணலாம்."

மகள் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருந்தன.

"ஒண்ணுமே இல்லையேம்மா!"

"இல்லைன்னு நிரூபி. படிப்படியா. ஒரு வரி விட்டுப்போனாலும் பூஜ்யம்."

பாவம், அப்பாவுக்கு இரண்டு பக்கமும் இடி. பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு அஞ்சு மார்க் போட்டு விட்டுடேன் பாப்பா. அம்மாவும் சமைச்சிடுவா" என்றார்.

"லஞ்சமாப்பா?" என்று சீறினாள் மகள்.

"பிச்சையாங்க?" என்று பாய்ந்தாள் மனைவி.

மனிதர் அன்றிலிருந்து ஹோட்டலில் சாப்பிட ஆரம்பித்தார். வீட்டில் அம்மா ஃபேனைப் போட்டால் மகள் அணைத்தாள். மகள் ஜன்னலைத் திறந்தால் அம்மா சாத்தினாள்.

அந்த வாரம் முழுக்க வகுப்பிலும் கேட்கவே வேண்டாம். மேடம் பலகையில் எதை எழுதினாலும் தையல்காரியின் கை மேலே போனது. "இது எப்படி வந்துச்சு மேடம்?" மணி அடித்தபோது பாடம் இரண்டாவது வரியைத் தாண்டவில்லை.

மேடத்துக்குத் தலைக்கேறிவிட்டது. "உங்க கார்டியனைக் கூட்டிட்டு வந்து துறைத்தலைவரைப் பாருங்க. அப்புறம்தான் வகுப்பு!"

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, அந்த கார்டியன் யாரென்று. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"கூட்டிட்டு வரேன். எனக்கென்ன பயம்?" என்றாள் தையல்காரி.

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையில் அப்பா வந்து உட்கார்ந்தார். இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் மகள். வேர்த்துக் கொட்டியது.

"மேடம் சொன்னதைக் கேட்டீங்கல்ல?" என்றார் துறைத்தலைவர்.

"பாப்பா சொன்னா சரியாத்தான்..." மனைவி காலை மிதித்தாள். "மேடம் சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்."

"மேடம் சொன்னா ஆச்சா? நான் போட்டே காட்டறேன் சார்" என்று தையல்காரி சாக்பீஸை எடுத்தாள். விட்ட வரியை, தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்கிற மாதிரி, பதினைந்து வரியாகப் பிரித்துப் போட்டாள். துறைத்தலைவர் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார்.

"பிரமாதம்! நமக்குத் தெரிஞ்ச தேற்றம்தானே மேடம், எளிதாத்தானே இருக்கு?"

மேடம் மேலிருந்து கீழே படித்தாள். கீழிருந்து மேலேயும் படித்தாள். "குறை சொல்ல ஒண்ணுமில்ல சார்" என்று முணுமுணுத்து, பூஜ்யத்தை அடித்துப் பத்து போட்டாள்.

தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தலை நிமிர்ந்தது. "இது இனாம் இல்ல. நான் சம்பாதிச்சது. யாரு வேணா வந்து கேக்கட்டும்!"

அப்போது கதவருகே ஒரு கொட்டாவி சத்தம். அப்பா 'பாப்பா' என்று வாய் தவறியதிலிருந்தே கடைசி பெஞ்சுப் பெண் அங்கே நின்றிருந்தாள்.

"சார், அந்தக் கேள்விக்கு எனக்கும் பூஜ்யம் போட்டிருக்காங்க."

"நீ ஒண்ணுமே எழுதலையேம்மா!" என்றாள் மேடம்.

"எப்படி மேடம் எழுதறது? புத்தகத்துல 'ஏறிக்கிட்டே போற வரிசை'ன்னு இருக்கு. நீங்க போட்ட கேள்வியில அந்த நிபந்தனையே இல்ல. நீங்க மூணு பேரும் பழக்க தோஷத்துல சேர்த்துப் படிச்சிட்டீங்க."

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதனால?"

"அதனால கேள்வியே தப்பு சார். ஒண்ணு, மைனஸ் ஒண்ணு, ஒண்ணு, மைனஸ் ஒண்ணுன்னு ஒரு வரிசை மாறி மாறிப் போனா, எல்லையைத் தாண்டாது, ஆனா எங்கயும் போய் அடங்காது, இந்த அம்மாவும் பொண்ணும் ஒரு வாரமா போடுற சண்டை மாதிரி!"