தரைக்கு மெழுகு போட்ட முதலாளி

ஒரே ஒரு தெருவாம். அந்தத் தெருவில் ஒரே ஒரு படச்சட்டக் கடையாம். அந்தக் கடைக்கு ஒரே ஒரு முதலாளியாம். நீங்கள் 'உம்' கொட்டினால் மேலே சொல்கிறேன்: அந்த முதலாளி நான்தான்.

கண்ணாடி வெட்டுவது என் வேலை. சட்டம் அடிப்பவர் எங்களிடம் வேலை பார்க்கும் ஒரு பெரியவர். எல்லோருக்கும் அவர் 'சட்டக்கார அண்ணன்'. நீதிமன்றச் சட்டம் இல்லை, மரச்சட்டம். ஆர்டர் எடுப்பது, ரசீது போடுவது, லைசென்ஸ் புதுப்பிப்பது போன்ற மண்டையிடிகள் எல்லாம் என் மனைவிக்கு. நான் கையெழுத்து மட்டும் போடுவேன். அவள் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுத் தருவாள், நான் அதன்மேல் என் பெயரை எழுதுவேன். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பது மனைவியைச் சந்தேகப்படுவது போல என்பது என் கொள்கை. வெறும் சோம்பேறித்தனம் என்பது அவள் கருத்து.

மூன்று மாதத்துக்கு முன் பக்கத்துத் தையல்கடையில் ஒரு வாடிக்கையாளர் இஸ்திரிப் பெட்டி வயரில் கால் தடுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தையல்காரர் இரண்டு மிஷினை விற்றார். அன்று மாலையே என் மனைவி ஆரம்பித்தாள்.

"என்னங்க, நம்ம கடைக்கும் இன்சூரன்ஸ் எடுக்கணும்."

"அதான் எடுத்திருக்கோமே. தீப்பிடிச்சா குடுப்பான்."

"அது கடைக்கு. கடைக்கு வந்தவங்க விழுந்தா? நாம மாட்டின படம் யார் தலையிலயாவது விழுந்தா? அண்ணன் கையில ரம்பம் பட்டா?"

"ஏழு வருஷத்துல நம்ம கடையில ஒரு ஈ கூட வழுக்கி விழுந்ததில்ல."

"ஈ கேஸ் போடாது. மனுஷன் போடுவான். நம்மளால அடுத்தவங்களுக்கு அடிபட்டா நாம குடுக்க வேண்டியதை கம்பெனி குடுக்கும். வர்றவங்களுக்கு ஒரு பாலிசி, வேலை பார்க்குறவங்களுக்கு ஒரு பாலிசி."

"எனக்கு அடிபட்டா?"

"முதலாளிக்குக் கிடையாதாம்."

"பார்த்தியா! கட்டுறவன் நான், வாங்குறவன் எவனோ! நல்லா இருக்கு நியாயம்!"

அவள் என் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேச்சை விட்டுவிட்டாள். கல்யாணமாகி முதன்முறையாக ஒரு வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

போன வாரம் அவள் மறுபடியும் வந்தாள்.

"வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸ் ஆபீசர் கடையைப் பார்க்க வர்றார்."

"இன்னும் விடலையா நீ?"

"அவர் வாயால 'இங்க ஆபத்தே இல்ல'ன்னு சொல்லட்டும். அன்னையோட விட்டுடுறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்த நிமிடம் ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தேன். உலகத்திலேயே ஆபத்தில்லாத கடை என்னுடையதாக இருக்க வேண்டும்! இரண்டு நாள் நான் தூங்கவில்லை. உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி அப்புறப்படுத்தினேன். ஆணிகளை அளவுவாரியாக டப்பாவில் அடைத்தேன். மேஜையின் முனைகளுக்குத் துணி கட்டினேன். கடைசியில் தரை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஒரு டப்பா மெழுகு முழுவதையும் கொட்டித் தேய்தேய் என்று தேய்த்தேன்.

சட்டக்கார அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, இது நடக்குறதுக்கா, முகம் பார்த்துச் சவரம் பண்றதுக்கா?"

"ஆபீசர் அசந்து போகணும்ண்ணே."

"அவர் அசந்தா பரவாயில்ல. நீங்க அசராம இருங்க." செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி உள்ளே போனார்.

ஆபீசர் வந்தார். ஒல்லியான மனிதர். கண்ணாடித் தாங்கியை ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. ரம்பத்தின் மூடியைத் திறந்து மூடினார். முதலுதவிப் பெட்டியை எட்டிப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது.

"கடை ரொம்ப நல்லா இருக்கு. எனக்குத் தெரிஞ்சு இங்க ஆபத்து..."

"அதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்க சார்! இதோ பேனா!"

பேனா எடுக்க ஓடினேன். நான்கு எட்டு வரை நானாகத்தான் போனேன். அதற்கப்புறம் என்னைத் தரைதான் கூட்டிக்கொண்டு போனது. மேஜைக்கு அடியில் புகுந்து, ஆணி டப்பாக்களைச் சரித்து, அந்தப் பக்கச் சுவரில் போய் நின்றேன். வலது கை எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

ஆபீசர் வண்டியில்தான் நானும் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரக் கட்டு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வலியிலும் ஒரு சந்தோஷம் முளைத்தது.

"பார்த்தியா? இப்ப உன் இன்சூரன்ஸ் என்ன கிழிக்கும்? முதலாளிக்கு ஒண்ணும் கிடையாது!"

ஆபீசர் இருமினார்.

"வாஸ்தவம் சார். முதலாளிக்குக் கிடையாது. ஆனா விழுந்தது முதலாளி இல்லையே."

"பின்னே?"

"மேடம்தானே முதலாளி. நீங்க அங்க கண்ணாடி வெட்டுறவர். பாலிசி மூணு மாசமா ஓடிட்டு இருக்கு. இன்னைக்கு நான் சும்மா பார்வையிடத்தான் வந்தேன்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என் கட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

"தினமும் கண்ணாடியில கை வைக்கிறது யாரு? நீங்க. அந்தக் கைக்கு ஒண்ணும் கிடையாதுன்னா எனக்கு எதுக்குங்க இன்சூரன்ஸ்? அதான் லைசென்சை என் பேருக்கு மாத்தி, உங்களைச் சம்பளத்துக்கு வெச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"நாலு தடவை சொன்னேன். நீங்க மேட்ச் பார்த்துக்கிட்டே 'ம்'னீங்க. அப்புறம் கையெழுத்தும் போட்டீங்க."

"சம்பளம்?"

"மாசம் ஒண்ணாந்தேதி உங்க கையில குடுக்குறேனே, அது என்னன்னு நெனச்சீங்க?"

"கைச்செலவுக்குன்னு..."

"அதுதான்."

கோபப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை. நான் ஏழு வருடம் முதலாளியாக இருந்து யோசிக்காததை இவள் ஒரே மாலையில், என் கையைப் பார்த்துக்கொண்டே யோசித்திருக்கிறாள். இப்படி ஒரு மூளை இருக்கும் கடையில் வேலை கிடைத்ததே பெரிய விஷயம்.

"க்ளெய்ம் ஃபாரம் அனுப்புறேன் மேடம். சார், இனிமே மெழுகைக் கையால தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஆபீசர் கிளம்பினார்.

மனைவி பையைத் தோளில் மாட்டினாள்.

"அண்ணன் கடையில தனியா இருப்பார். அந்தத் தரையில எங்க எப்படிக் கிடக்கிறாரோ, நான் போறேன். உங்களுக்கு ஆறு வாரம் லீவு. லெட்டர் எழுதிக் குடுத்துடுங்க."

"வலது கை கட்டுல இருக்கே!"

"இடது கைக்கு என்ன?"

சொல்லிவிட்டு நடந்தாள். நான் சட்டென்று எழுந்து நின்றேன். முதலாளி போகும்போது உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்?