முந்தானை பிடித்த பதினொரு பேர்

லீவில் போன டீச்சருக்குப் பதிலாக வரும் லீவு வேக்கன்சி டீச்சர் என்று ஓர் இனம் உண்டு. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே எந்த எல்.கே.ஜி. வகுப்பை எட்டிப் பார்த்தாலும், வருடத்தில் பதினைந்து நாளாவது, இந்த இனத்தில் ஒன்று நடுவில் நின்று கைதட்டிக்கொண்டிருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். அழாத பிள்ளையையும் தேற்றும்.

வரும்போது எவ்வளவு பணிவு தெரியுமா? "நான் பதினைஞ்சு நாளைக்கு ஆக்கும், இருக்கத அப்படியே பாத்துட்டு போயிருவேன்" என்று வாசலிலேயே சொல்லிவிடும். மறுநாள் கிரேயான் டப்பா இடம் மாறும், அதற்கு மறுநாள் கிழக்கே தலைவைத்த பாய்கள் தெற்கே திரும்பும், நாலாம் நாள் காலைப் பிரார்த்தனைக்குக் கையசைவுகள் சேரும், ஐந்தாம் நாள் ஆயாவிடம், "உங்க டீச்சர் இதொண்ணும் செய்யமாட்டாவளா?" என்று இரக்கத்தோடு கேட்கும்.

ஆரியங்கோட்டு சிஜியை எடுத்துக்கொள்ளுங்கள். சுகுமாரி டீச்சர் மகளுடைய பிரசவத்துக்குப் போனதால் வந்தவள். முதல் நாள் பதினொரு பிள்ளைகளும் ஒரே சுருதியில் அழுதார்கள். நாலு வயது நந்தனாவுக்குத்தான் தொண்டை அதிகம்.

"எனக்க டீச்சர் எங்க?"

"கரையாத மக்கா. ஒனக்க டீச்சர் இப்பம் வரும்."

அழாதே என்று சொல்லும்போதே சிஜி தீர்மானித்துவிட்டாள்: தான் போகும் நாளில் ஒரு பிள்ளையாவது தனக்காக இப்படி அழவேண்டும். நிரந்தர வேலைக்கா இந்த இனம் ஏங்குகிறது என்று நினைத்தீர்கள்? இல்லை. ஒரு சொட்டுக் கண்ணீர். அவ்வளவுதான்.

முட்டாய் வந்தது. பலூன் வந்தது. வாரக் கடைசியில் ஒரு கணக்கெடுப்பும் நடந்தது.

"நந்தனாவுக்கு ஆரை ரொம்ப இஷ்டம்?"

"சுகுமாரி டீச்சரை."

"பிறகு?"

"லிஷா ஆயாவை."

"பிறகு?"

நந்தனா நன்றாக யோசித்தாள். "ஆயாக்க கோழியை."

கோழிக்குப் பின்னால் நிற்பது யாருக்குத்தான் பொறுக்கும்? சுகுமாரி டீச்சரின் பாலராமபுரம் சேலை முந்தானையைப் பிடித்தால்தான் நந்தனா மதியம் தூங்குவாள் என்று கேள்விப்பட்ட சிஜி, மறுநாளே தன் அம்மாவின் பாலராமபுரம் சேலையை உடுத்திக்கொண்டு வந்து பாய்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். நந்தனா ஒரு நுனியைப் பிடித்தாள். அதைப் பார்த்து அடுத்தவள் பிடித்தாள். பதினொரு பேரும் பிடித்துத் தூங்கிப்போனார்கள். ஒன்றேகால் மணி நேரம். கால் மரத்துப்போய், மூக்கு அரித்து, தும்மலை விழுங்கிக்கொண்டு சிஜி இருந்தபோது தலைமையாசிரியை உள்ளே வந்தார்.

"எழும்பி நிக்கக்கூடாதா?"

"நிக்கலாம் டீச்சரே. சேலை எனக்க கூட வராது."

லிஷா ஆயா வாசலில் நின்று சிரித்தாள். "எதுக்கு பிள்ளே, பதினைஞ்சு நாள் வாடகை வீட்டுக்கு வெள்ளை அடிச்சிட்டு இருக்க?"

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. சிஜி எல்லோரையும் வட்டமாக உட்கார்த்தி, குரலை இறக்கி, கையில் கைக்குட்டையோடு, அதாவது அவர்களுக்காக எடுத்து வைத்த கைக்குட்டையோடு, சொன்னாள்.

"திங்களாழ்ச்சை சிஜி டீச்சர் வராது."

காத்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. ஒருத்தன் காலுறையைக் கழற்றினான்.

"அப்பம் முட்டாய் ஆரு தருவா?" என்றாள் நந்தனா.

சிஜிக்கு உதடு கோணியது. பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவளே அழுதாள். நந்தனா எழுந்து வந்தாள். கைக்குட்டையை வாங்கிக் கன்னத்தைத் துடைத்தாள்.

"கரையாத மக்கா. ஒனக்க டீச்சர் இப்பம் வரும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். துபாயிலிருந்தோ தோகாவிலிருந்தோ முப்பது நாள் லீவில், சாக்லேட் பெட்டியோடு வந்து, ஐந்தாம் நாள் வீட்டில் டிவியை இடம் மாற்றி, பிள்ளையின் தூங்கும் நேரத்தைத் திருத்தி, "அப்பாவை இஷ்டமா, அம்மாவை இஷ்டமா?" என்று கணக்கெடுக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? போன தடவை விமான நிலையத்தில் உங்கள் மகள் என்ன கேட்டாள்? அப்போது கைக்குட்டை யார் கையில் இருந்தது?