அம்மா யாரையும் முறைக்கவில்லை

அக்கரப்பத்தனை,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்குரிய கணேசமூர்த்தி மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் லோஜினி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழையும் அட்டையும் சௌக்கியம். கொழும்பில் நீங்களும் அத்தையும் அதைவிடச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வட்ஸ்அப்பில் எழுதினால் பெருவிரல் படத்தை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுகிறீர்கள், அதனால்தான் தபாலில்.

நீங்கள் வாசல் காவலுக்கு நிற்கும் அழகு கிளினிக்கின் நுவரெலியா கிளையில், ஊழியர் குடும்பத்துக்கு முகக்கோடு மறைக்கும் ஊசி ஒன்று இலவசம் என்று அம்மாவின் பெயரைக் கொடுத்தீர்களே, அந்த நல்ல காரியம் கெட்டுப்போய்விட்டது. அம்மா அழகுக்கு ஆசைப்பட்டவள் இல்லை. முப்பது வருஷம் வெயிலில் கண்ணைச் சுருக்கித் தேயிலைக் கொழுந்து பறித்ததில் புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடு விழுந்துவிட்டது, அவ்வளவுதான். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் வேலை பிரிக்கும் தோட்டத்துக் கண்டாக்கு அந்தக் கோட்டைப் பார்த்து, "என்னா பேச்சி, விடிஞ்சதும் மொறைக்கிற? போ, மேல்மலை கடைசி நிரைக்கு" என்கிறார். தினமும் அதே செங்குத்துச் சரிவு வரிசை, ஏற்கனவே வீங்கிய முழங்கால். இன்னொரு மழைக்காலம் ஏறினால் அம்மாவால் நடக்கவே முடியாது. கண்டாக்கை மாற்ற முடியாது, முகத்தையாவது மாற்றலாம் என்றுதான் ஊசிக்குச் சம்மதித்தாள்.

லீவு போட்டு, இரண்டு பஸ் மாறிப் போனோம். ஊசிக்கு முன்னால் மனதைப் பரிசோதிக்க வேண்டுமாம். அஸ்மியா மிஸ் என்று ஒரு ஆலோசகர், என் வயதுதான் இருக்கும், படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அம்மா, மத்தவங்க உங்க முகத்தையே உத்துப் பாக்கிற மாதிரி தோணுதா?"

"தோணுறது என்னங்க மிஸ், முன்னுக்கே நின்னு பாக்குறாருங்களே!"

"அந்தக் கோட்டால உங்களுக்குத் தண்டனை கிடைக்குதுன்னு நினைக்கிறீங்களா?"

"ஆமாங்க. மேல்மலை."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைப் பத்தி யோசிப்பீங்க?"

"ஏறையில ஒரு தடவ, எறங்கையில ஒரு தடவ. நடுவுல அட்டை கடிக்கும், அதையும் பாக்கணும்ல."

"ஊசி போட்டா வாழ்க்கையே மாறிடும்னு நம்புறீங்களா?"

"வாழ்க்க கெடக்கட்டுங்க, நிரை மாறுனா போதும்."

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே போனார். "எல்லாம் நெசம் மிஸ், நானும் பாத்திருக்கேன்" என்று குறுக்கே பாய்ந்தேன். 'மகளும் அப்படியே நம்புகிறார்' என்று அதையும் எழுதிக்கொண்டார். கடைசியில், யார்மேலாவது கோபம் இருக்கிறதா என்று கேட்டார். "சேச்சே, யார்மேலயும் இல்லங்க" என்று அம்மா சிரிக்கப் பார்த்தாள். கோடு இன்னும் ஆழமானது. ஊசி கிடையாது, முகத்தைப் பற்றிய வீண் பயம், ஆறு வாரம் ஆலோசனைக்கு வரட்டும் என்று முடிவு சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேளுங்கள் மாமா. இத்தனை வருஷத்தில் அம்மாவின் முழங்காலைப் பற்றி எந்தப் படிவமும் ஒரு கேள்வி கேட்டதில்லை. நூறு பெண்களை மலையேற்றுகிறவருடைய மனதை யாரும் பரிசோதிப்பதில்லை. ஒரு ஊசி கேட்டவளுக்குப் பரிசோதனை! இலவசம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீங்கள் பெரிய டொக்டரிடம் நேரில் பேசுங்கள். அம்மா யாரையும் முறைக்கவில்லை, யார்மேலும் அவளுக்குக் கோபம் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

அத்தைக்கும் பிள்ளை பிரேமினிக்கும் என் அன்பு. ஊருக்கெல்லாம் வாசல் காக்கும் உங்களை மாரியம்மன் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
லோஜினி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் திங்கட்கிழமைப் பெரட்டு வந்துவிட்டது. பஸ்ஸுக்குப் போகிற வழியில் நானும் நின்று பார்த்தேன். கண்டாக்கு வழக்கம்போல, "என்னா, மொறைக்கிறியா?" என்றார். அம்மா கூடையை இறக்கி வைத்தாள். "மொறைக்கத்தாங்க செய்றேன். அந்த மிஸ் யார்மேல கோவம்னு கேட்டப்ப சட்டுன்னு ஞாபகம் வரல. வீட்டுக்கு வந்துதான் யோசிச்சேன். ஒங்க மேலதாங்க." பக்கத்தில் நின்ற நாகலெட்சுமி அக்கா முதலில் சிரித்தார், பிறகு பெரட்டே சிரித்தது. கண்டாக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் ஏற்றமில்லாத ரோட்டோர நிரையைக் காட்டினார். அதனால் மேலே நான் செய்த சத்தியத்தை மறந்துவிடுங்கள். பெரிய டொக்டரிடம் ஒன்றும் பேச வேண்டாம், பட்டியலில் அம்மாவின் பெயரை வெட்டிவிடுங்கள். அவளுக்கு இந்த முகம் நாளைக்கும் வேண்டும்.