சத்தம் போடாத பாட்டில் மிக்ஸி

அன்பு மைத்துனன் உஸ்ஸன்கோயா அறிய, குற்றிச்சிறயிலிருந்து உன் மச்சான் பீரான்கோயா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் பிள்ளைகளும் சார்ஜாவில் உன் கடையும் அந்தக் கடையின் ஏசியும் நலமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அப்படி எழுதுவதுதான் முறை என்பதால் எழுதிவிட்டேன், இனி நடந்ததை எழுதுகிறேன்.

கையில் போன் இருக்க எதற்குக் காகிதம் என்று நீ கேட்பாய். போனில் வாயைத் திறந்தால் அடுத்த அறையில் உன் மூத்த அக்கா இத்தாத்தா இருமுகிறார். வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பலாம் என்றால் என் விரல் எங்கே படும் என்று எனக்கே தெரியாது, போன பெருநாளுக்கு உன் பெரிய மாமா கொடுத்துவிட்ட ஆட்டிறைச்சியைப் பற்றி உனக்கென்று நான் சொன்னது குடும்பக் குழுவில் போய் விழுந்ததும், மாமா மூன்று மாதம் என் சலாமுக்குப் பதில் சொல்லாமல் போனதும் உனக்கு மறந்திருக்காது. அதனால்தான் இதை அடுத்த வீட்டு சுஹராவின் மருமகன் சார்ஜா திரும்பும்போது கொண்டுவரும் நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்துக்குள் வைத்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு. உன் மனைவி கேட்டால் வறுவலோடு வந்த பில் என்று சொல்.

விஷயம் இதுதான். எனக்குச் சர்க்கரை. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார், "காலையில என்ன சாப்பிடுறீங்க"ன்னு கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன். அரிசிமாவு நெய்ப்பத்திரி, கோழி, சர்க்கரைப்பாகில் முட்டைமாலை, நெய்யில் பொரித்த உன்னக்காய், அதற்கு மேலே ஒரு டம்ளர் பால் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "வேண்டாம்னு சொல்ல மாட்டீங்களா"ன்னார். அவர் திருச்சூர்க்காரர், அவருக்கு என்ன தெரியும். நம் தெருவில் பெண் வீட்டுக்கு வந்து தங்கும் புதியாப்பிளை, தலை நரைத்தாலும் பல் விழுந்தாலும் புதியாப்பிளைதான். முன்னால் வைத்த தட்டில் ஒன்றைத் தள்ளினால், இந்த வீட்டில் பண்டம் சரியில்லை என்று மறுநாள் குளத்தங்கரைப் பள்ளிவாசல் வரைக்கும் பேச்சு போகும். முப்பது வருஷத்துக்கு மேலாக உன் வீட்டில் சாப்பிடுகிறேன், ஒருநாள் கூட "போதும்" என்று சொன்னதில்லை.

சர்க்கரை என்று சொல்லியிருக்கலாமே என்பாய். எந்த வாயால் சொல்வது உஸ்ஸன். உன் மூத்த மச்சான், இத்தாத்தாவின் புருஷன், அல்லாஹ் அவருக்கு மறுமையில் நல்லது கொடுக்கட்டும், அவருக்கு இதே நோய் வந்து கோதுமைக் கஞ்சி குடித்தாரே, அவருக்குக் 'கோதுமைப் புதியாப்பிளை' என்று பெயர் வைத்தது யார்? நான்தான். மௌத்தாகும் வரைக்கும் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அந்தப் பெயர் இப்போது காலியாக இருக்கிறது, யாருக்குப் போகும் என்று உனக்கே தெரியும்.

ஆகவே ஒரு யோசனை செய்தேன். சுபுஹு தொழுததும் கடப்புறத்துக்கு நடக்கப் போகிறேன், அப்படியே என் உம்மா வீட்டில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறேன் என்று என் வீட்டுக்காரி இம்பிச்சிபியிடம் சொல்லிவிட்டு, கடற்கரையில் உட்கார்ந்து பாவற்காய்ச் சாறு குடிப்பது. அதற்குச் சார்ஜில் ஓடும் பாட்டில் மிக்ஸி இருக்கிறதாமே. மிட்டாய்த் தெருவில் நம் பிந்து கடைக்குப் போனேன். அவள் ஐந்தாறை எடுத்துப் பரப்பினாள். ஒன்றில் இரண்டு பிளேடு, ஒன்றில் ஆறு பிளேடு. ஒன்று கண்ணாடி, விழுந்தால் உடையும், ஆனால் மணம் பிடிக்காது. ஒன்று பிளாஸ்டிக், விழுந்தால் உடையாது, மீன் வெட்டிய கையால் தொட்டால் ஆயுசுக்கும் மீன். ஒன்று ஐஸ்கட்டியையே பொடியாக்கும். அவள் பாவம், மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்துக் கேட்டேன்.

"என்ன கோயாக்கா, மிக்ஸிய போன் மாதிரி காதுல வைக்கிறீங்க?"

"சத்தம் கம்மியா எது இருக்கு?"

"எல்லாரும் பிளேடு கேப்பாங்க, பேட்டரி கேப்பாங்க. சத்தம் கேக்குற முதல் ஆள் நீங்கதான். யாருக்குத் தெரியாம என்ன அரைக்கப் போறீங்க?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பேரப்பிள்ளை தூங்கும் என்றேன். எனக்கு ஏது பேரப்பிள்ளை. அவள் உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்தாள். சத்தமே இல்லை, பூனை உறங்குகிற மாதிரி ஒரு சின்ன முனகல்தான். "இதுக்கு வலு கம்மி இக்கா. கெட்டியா எதையும் போட்டுடாதீங்க, பழத்துக்குத்தான் ஆகும். அப்புறம் இந்த ஒரு நிறந்தான் மிச்சம்" என்றாள். ரோஸ் நிறம். இடுப்பில் அளவுக்கோடு, மூடியில் ஒரு வளையம். நல்லதைச் சொன்னவள் பேச்சைக் கேட்காமல் அதையே வாங்கினேன். பாட்டிலை அடித்தட்டில் சரியாகத் திருகிப் பொருத்தினால்தான் ஓடும் என்பது தெரியாமல், கெட்டுப்போன சாமானைக் கொடுத்துவிட்டாய் என்று இரண்டு தடவை போய் அவளோடு சண்டை போட்டதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு தடவையும் அவள் பாட்டிலைக் கால் சுற்றுத் திருகிக் கையில் கொடுத்தாள்.

பாவற்காயைப் போட்டேன். இரண்டு சுற்று சுற்றி நின்று, சிவப்பு விளக்கு கண்ணடித்தது. வெள்ளரிக்காயைப் போட்டேன், அதே கதை. நெல்லிக்காய்க்கு அது முனகக்கூட இல்லை. வாங்கியாயிற்று, வீணாக்கலாமா என்று ஒருநாள் ஒரு வாழைப்பழம் போட்டேன். ஓடியது. வெறும் பழம் தொண்டையில் அடைத்தது, கொஞ்சம் பால் விட்டேன். பிறகு இரண்டு பேரீச்சம்பழம், அது நபிகள் காட்டிய சுன்னத்துதானே. பிறகு ஊறவைத்த முந்திரி. பிறகு, உஸ்ஸன், பாதி இளகிய உறைந்த பால். நீ இருக்கிற ஊரின் பெயரை வைத்துக்கொண்டு அந்த ஊரில் ஒருவனுக்கும் தெரியாத சார்ஜா ஷேக்கை, சர்க்கரைக்காக வாங்கிய மிக்ஸியில், சர்க்கரை போட்டு, கடலைப் பார்த்தபடி தினமும் குடித்தேன். எழுதும்போதே கை கூசுகிறது. டாக்டர் அடுத்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பாவற்காய் குடிக்கிறீங்களா இல்லையா"ன்னு கேட்டார். குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதற்குள் வீட்டில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. காலைச் சாப்பாட்டை வேண்டாம் என்று போகிற புதியாப்பிளை வேறெங்கோ சாப்பிடுகிறான் என்றுதானே நம் பெண்கள் நினைப்பார்கள். இம்பிச்சிபி என் உம்மா வீட்டுக்கு ஆள்விட்டு விசாரித்தால், நான் அங்கே போய் மாதக்கணக்காயிற்று என்று என் தங்கை வெள்ளையாகச் சொல்லிவிட்டாள். அதோடு என் தாடியில் பால் மணம் வேறு. வியாழக்கிழமை மழை வர, மழைக்கோட்டு எடுக்கிறேன் என்று இம்பிச்சிபி என் ஸ்கூட்டர் சீட்டைத் திறந்தாள், ரோஸ் பாட்டில் கையில் வந்தது. சுஹரா எட்டிப் பார்த்து, "எம் மக சார்ஜாவுல பிள்ளைக்குப் பழம் மசிக்க இதேதான் வச்சிருக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு இன்னொரு வீடும், அந்த வீட்டில் பால்குடிக்கிற ஒரு குழந்தையும் ஏற்பட்டுவிட்டன.

நடு அறையில் என்னை நிறுத்தினார்கள். இத்தாத்தா பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, "பீரான்கோயா, இது யாருது?" என்று கேட்டார். இம்பிச்சிபி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த நேரத்தில் கோதுமைக் கஞ்சிதான் கண்ணில் தெரிந்தது. நான் சொன்னேன்: "எனக்கென்ன தெரியும். நேத்து ஷமீல் என் வண்டிய எடுத்துட்டுப் போனான்ல, அவனோடதா இருக்கும்."

ஷமீல் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இத்தாத்தாவின் மகள் நஜ்லாவுக்கு நீ பார்த்துக் கொண்டுவந்த மாப்பிள்ளை, உன் கூட்டாளியின் மகன், கல்யாணமாகி நாலு மாதம் ஆகாத பையன். உடம்பை வளர்க்கிறேன் என்று முட்டையின் மஞ்சளை எடுத்துத் தட்டோரம் வைக்கிறவன், "அரிசி வேணாம் உம்மா" என்று வாய்விட்டுச் சொல்கிறவன், இவனுக்கு மரியாதை என்ன தெரியும் என்று நானே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் பாட்டிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஆமா, என்னோடதுதான்" என்றான். பயலுக்குப் பைத்தியமா என்று எனக்குப் புரியவில்லை. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் மாட்டியிருப்பேன். அந்த இன்னொரு வீடும் குழந்தையும் அவன் தலையில் விழ, நஜ்லா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவன் சட்டையை எடுத்துக்கொண்டு இடியங்கரையில் இருக்கும் தன் உம்மா வீட்டுக்குப் போனவன்தான், இதுவரை வரவில்லை. பெண் சாப்பிடுவதில்லை. இத்தாத்தா தலாக் வரைக்கும் பேச்செடுத்துவிட்டார். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, முன்னால் வைத்த பத்திரியைத் தின்றுகொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது உஸ்ஸன், சோறு இறங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் இறங்குகிறது, அதுதான் இன்னும் வெட்கம்.

ஆகவே நீ எனக்கு ஒரு உபகாரம் செய்ய வேண்டும். இத்தாத்தாவுக்குப் போன் போட்டு, அந்த மிக்ஸியை நீதான் ஆள் மூலம் கொடுத்துவிட்டதாகவும், இத்தாத்தாவுக்கு நோன்பு காலத்தில் ரவையில் காய்ச்சும் தரிக்கஞ்சிக்கு முந்திரி அரைக்க என்று ரகசியமாக வாங்கியதாகவும், ஷமீலை அதை ஒளித்து வைக்கச் சொன்னதாகவும் சொல்லிவிடு. நீ சொன்னால் நம்புவார்கள், நீ பொய் சொல்லி யாரும் பார்த்ததில்லை. இவ்வளவு தூரத்தில் இருந்து சொல்கிற பொய்க்கு முகம் தெரியாது. எனக்கு இங்கே நிமிர்ந்து சொல்லத் தைரியம் இல்லை. தைரியம் இருந்தால் எதற்குக் காகிதம்.

உன் மனைவிக்கும் மக்களுக்கும் என் சலாம். உன் வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத்தைச் சொரியட்டும், உனக்கு நீண்ட ஆயுளும், கேட்டதை எல்லாம் தின்னும் உடம்பும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
பீரான்கோயா

பி.கு. மேலே கேட்டது ஒன்றையும் செய்யாதே. போன் போடாதே. சுஹராவின் மருமகன் கிளம்ப ஒருநாள் தள்ளியதால் இதைச் சேர்க்கிறேன்.

இன்று காலையில் கடற்கரையில் ஷமீல் ஓடிவந்தான். அவன் தினமும் அங்கேதான் ஓடுகிறானாம். என்னையும் ரோஸ் பாட்டிலையும் ஆரம்பத்திலிருந்தே பார்த்திருக்கிறான். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன், அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

"உண்மையச் சொல்லித் தொலைக்கறதுக்கென்னடா உனக்கு?" என்று நான்தான், பார், நான்தான் கோபப்பட்டேன்.

"எப்படி எளாப்பா சொல்றது? நீங்க ஒண்ணு சொல்லிட்டீங்க. நான் இல்லன்னா, இம்பிச்சிபி எளாம்மா முன்னாடியே உங்களப் பொய்யன்னு சொன்ன மாதிரி ஆயிடும். வீட்டுக்கு மூத்த புதியாப்பிளை நீங்க. நான் நேத்து வந்தவன்" என்றான். பிறகு, "நஜ்லாகிட்ட மட்டும் சொல்லிடலாம்னு போன் பண்ணேன். எடுக்க மாட்டேங்கிறா" என்றான். முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நான் நேராக வீட்டுக்குப் போனேன், பட்டப்பகலில். போய் அடுக்களைக்குள்ளேயே நுழைந்துவிட்டேன். எந்தப் புதியாப்பிளையும் மிதிக்காத இடம். பெண்கள் எல்லோரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து முக்காட்டை இழுத்தார்கள். "அது என் மிக்ஸி. எனக்குச் சர்க்கரை. ஷமீல் ஒண்ணும் பண்ணல" என்றேன். நஜ்லா செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினாள்.

இம்பிச்சிபி மட்டும் தேங்காய்த் துருவியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. "சர்க்கரையா? சர்க்கரை மட்டுந்தானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஷமீல் தன்னோடதுன்னு சொன்னத நான் நம்பவே இல்ல. இத்தன நாளா ராத்திரி முழுக்க அந்தப் பிள்ளைக்குப் பேர் என்னவா இருக்கும்னு யோசிச்சிட்டுக் கிடந்தேன்" என்றாள். இத்தனை நாளும் அதே கையால் எனக்குப் பத்திரி சுட்டுப் போட்டிருக்கிறாள், உஸ்ஸன். நான் அதைத் தின்றிருக்கிறேன்.

அந்தியில் மஃரிபு தொழுகைக்குப் பிறகு ஷமீல் வந்தான். விரிப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். நம் வீட்டில் முதல் தட்டு எப்போதும் மூத்த புதியாப்பிளைக்குத்தான் வரும். இன்றைக்கு இத்தாத்தா அதைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். அவன் பதறி அதை என் பக்கம் தள்ளினான். நான் "போதும்டா, நீ சாப்பிடு" என்று சொல்லி அவன் பக்கமே தள்ளி வைத்தேன்.